கரையேறியவரின் கைத்தொண்டு

திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கெடிலக்கரையில் உள்ள கரையேறவிட்ட குப்பத்தைப் பற்றித் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், மூழ்கடிக்க வந்த அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு மிதந்துவந்து கரையேறிய இடம் அது என்று எங்கள் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆண்டுதோறும் சித்திரை மாதத்து அனுஷ நட்சத்திரத்தன்று பாடலீஸ்வரர் கோயிலைச் சார்ந்து அந்த வைபவம் நடக்கும்போது கூட்டத்தில் நின்று பார்த்துமிருக்கிறோம். சிறுவனாக இருந்த காலத்தில் என் மனத்தைக் கவர்ந்தது கல் மிதந்த அற்புதமே. வயது ஏற ஏற, அந்த அற்புதத்தைவிட அதற்குப் பின்னால் நடந்ததுதான் என்னைப் பெரிதும் ஆட்கொண்டிருக்கிறது. அரசனுடைய கோபத்துக்குத் தப்பிக் கரையேறிய ஒருவர், இனி யாருக்கு என்ன என்று ஒரு மூலையில் அமர்ந்துவிடாமல், நீண்ட பிடியும் தட்டையான இரும்பு வாயும் கொண்ட உழவாரத்தைத் தோளில் சாத்திக்கொண்டு, ஊர் ஊராக நடந்து, கோயில் பிராகாரங்களில் முளைத்துக் கிடந்த புல்லையும் நெருஞ்சியையும் செதுக்கிக்கொண்டே போனார் என்பது சாமான்யமான விஷயமா?

அவருக்கு அந்த வழியை முதலில் காட்டியவர் அவருடைய தமக்கையார் திலகவதியார். அந்த அம்மையாருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையார் ஒரு சேனாதிபதி. யுத்தத்துக்குப் போனவர் திரும்பவில்லை. கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்பே கைம்மை வந்துசேர்ந்த அந்தப் பெண், திருவதிகைக் கோயிலில் அலகிடுவதும் மெழுகுவதும் மலர் தொடுப்பதுமாகத் தம் ஜீவிதத்தை நடத்தினார். நம்முடைய கெடிலக் கரையில் தொண்டு என்ற சொல்லுக்கு வேர் தேடிப் போனால், அந்த வேர் ஒரு யுத்தகளத்தின் ஓரத்தில் போய் முடிகிறது என்பதை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது.

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, இந்தியக் கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதி அட்மிரல் லக்ஷ்மிநாராயண் ராம்தாஸ் தமது தொண்ணூறாவது வயதில் ஹைதராபாத்தை அடுத்த செகந்திராபாதில் காலமானார். செய்தியைக் கேட்டவுடன் எனக்கு அவருடைய வெண்ணிறச் சீருடையும் மார்பில் அணிந்த பதக்கங்களும் நினைவுக்கு வரவில்லை. கரையேறிய பிறகு கையில் உழவாரம் எடுத்த அந்தப் பழைய கதைதான் நினைவுக்கு வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் கடலுக்கும் கடற்படைக்கும் உழைத்துவிட்டு ஓய்வுபெற்ற அவர், அதற்குப் பின்னர் கிடைத்த முப்பது வருஷத்தை எவ்வாறு செலவிட்டார் என்பது, எந்தக் கடற்போரின் வரலாற்றையும்விட நாம் ஆர அமர உட்கார்ந்து படிக்கவேண்டிய சரித்திரம்.

அவர் 1933-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி பம்பாய் மாதுங்காவில் பிறந்தார், படித்தது டில்லியில். தேசம் விடுதலை பெற்று, அதே மூச்சில் இரண்டாகப் பிளவுண்டபோது அவருக்குப் பதினான்கு வயதுகூட நிறையவில்லை. 1949-இல் டேராடூனில் முப்படைகளுக்கும் பொதுவாக இளைஞர்களைப் பயிற்றுவித்த நிலையத்தில் சேர்ந்து, 1953 செப்டம்பர் முதல் தேதியன்று கடற்படை அதிகாரியானார். அவர் தேர்ந்துகொண்ட விசேஷத் துறை தகவல் தொடர்பு: கப்பலுக்கும் கப்பலுக்கும், கப்பலுக்கும் கரைக்கும் இடையே செய்தி பிழையில்லாமல், காலம் தவறாமல் போய்ச் சேரச் செய்கிற வித்தை. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அவர் கைப்பிடித்த லலிதா அம்மையாரின் தந்தையார் நம் தமிழ்நாட்டுக்கு உறவானவர். செங்கற்பட்டில் 1911-இல் பிறந்த ராம் தாஸ் கட்டாரி, டஃபரின் என்னும் பயிற்சிக் கப்பலில் 1927-இல் சேர்ந்த முதல் அணி மாணவர்களில் ஒருவர். சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் ஆங்கிலேய அதிகாரிகளே வகித்துவந்த கடற்படைத் தலைமைப் பதவியை 1958 ஏப்ரல் 22-ஆம் தேதி ஏற்றுக்கொண்ட முதல் இந்தியர் அவரே. மாமனார் அமர்ந்த ஆசனத்தில் மருமகனும் பிற்காலத்தில் அமர்ந்தார் என்பதைக் குடும்பப் பெருமையாகச் சொல்வதோடு நிறுத்திவிடலாம். ஆனால் அந்த அம்மையாரின் பங்கை அவ்வளவு சுலபமாகக் கடந்துபோக முடியாது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

1971-ஆம் வருஷத்து டிசம்பர் மாதம், பாகிஸ்தானோடு யுத்தம் நடந்தபோது, நம் வங்காள விரிகுடா எப்படி இருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. கிழக்குக் கடற்படைப் பிரிவுக்கு விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு தலைமை தாங்கியவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நான்கு கொதிகலன்களில் ஒன்று வெடிப்பு விட்டிருந்த விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை அந்தமான் பக்கத்தில் மறைத்துவைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்துக்கு அருகிலேயே இருப்பதுபோல் எதிரி நம்பும்படியாக, ராஜ்புத் என்ற பழைய கப்பலைக் கொண்டு அவர் நாடகமாடிய சாமர்த்தியம் இன்றும் பேசப்படுகிறது. விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஜி என்னும் நீர்மூழ்கி, டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலடியில் அழிந்தது. அதில் இருந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதற்கு ஐந்தாறு நாள் கழித்து, மேற்கே தியூவுக்கு அப்பால், நம்முடைய குக்ரி என்னும் கப்பல் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்றின் தாக்குதலுக்கு இலக்காகி, 18 அதிகாரிகளையும் 176 மாலுமிகளையும் கொண்டுபோயிற்று. தம் கப்பலோடு தாமும் மூழ்கிய காப்டன் மகேந்திர நாத் முல்லாவும் அவர்களில் ஒருவர்.

அந்த யுத்தத்தில், விக்ராந்தோடு சென்ற துணைக் கப்பல்களில் ஒன்றாகிய பியாஸின் தளபதியாக முப்பத்தெட்டு வயது ராம்தாஸ் இருந்தார். டீசல் எஞ்சினால் ஓடுகிற, நாலரை அங்குலப் பீரங்கிகள் நான்கு பொருத்திய கப்பல் அது. கிழக்கு வங்கத்தின் துறைமுகங்களை வெளியுலகத்திலிருந்து துண்டிக்கும் முற்றுகையில் அது பங்கெடுத்தது. தளபதிக்கு வீர் சக்ர விருது கிடைத்தது. டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்தாயிற்று, யுத்தம் முடிந்தது.

இதை நான் விஸ்தாரமாகச் சொல்வதற்கு ஒரு முகாந்திரம் உண்டு. சமாதானம் பேசுகிறவரைப் பார்த்து, "நீ யுத்தத்தைக் கண்டவனா?" என்று கேட்டு வாயடைப்பது நம் பக்கத்தில் வெகு சகஜம். ராம்தாஸிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது. பீரங்கி வாயில் தீ எழும்போது மேல்தளம் எப்படி அதிரும், வெடிமருந்தின் நாற்றம் எத்தனை நேரம் மூக்கை விட்டுப் போகாது, தொலைநோக்கியில் ஒரு புள்ளியாகத் தெரிகிற கப்பலுக்குள் எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குப் புத்தக ஞானமல்ல. காஜியில் போனவனுக்கும் குக்ரியில் போனவனுக்கும் கடல் ஒரே ஆழத்தைத்தான் வைத்திருந்தது.

யுத்தத்துக்கு முன்னும் பின்னும் அவர் வகித்த உத்தியோகங்கள் பல: 1969-இல் கொச்சியில் கடற்படைக் கலாசாலையை நிறுவி அதன் தலைவராக இருந்தது, 1973 முதல் 1976 வரை மேற்கு ஜெர்மனியில் பான் நகரத்துத் தூதரகத்தில் கடற்படைப் பிரதிநிதியாக இருந்தது, கிழக்குக் கப்பற்படைத் தொகுதிக்கும் பின்னர் தெற்கு, கிழக்குப் பிராந்தியங்களுக்கும் தலைமை தாங்கியது என்று. 1990 நவம்பர் 30-ஆம் தேதி அவர் கடற்படையின் தலைமைத் தளபதியானார். 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி ஓய்வுபெற்றார். அந்தக் காலத்தில் அவர் செய்த காரியங்களில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். மூன்று பெண்களைப் பெற்ற தகப்பனாராகிய அவர் தலைமை வகித்த 1992-ஆம் ஆண்டில்தான், மருத்துவப் பிரிவைத் தவிர வேறெங்கும் பெண்கள் அதிகாரிகளாக இருந்தறியாத கடற்படை, கல்வி, சட்டம், தளவாடம் ஆகிய பிரிவுகளின் கதவுகளை அவர்களுக்குத் திறந்தது. அந்தப் பெண்களுக்கு நிரந்தர உத்தியோகத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2020 மார்ச் வரை, அதாவது இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. நீதி நடந்துவந்த தூரம் அவ்வளவு.

ஓய்வு பெற்றவர், மகாராஷ்டிரத்தில் ராய்கட் ஜில்லா அலிபாக் அருகே பைமாலா என்னும் கிராமத்தில், வீர் சக்ர விருதின் பேரில் சர்க்கார் அளித்த நிலத்தில் போய்க் குடியேறினார். யுத்தத்துக்குச் சன்மானமாக வந்த மண்ணில் அவரும் மனைவியாரும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். வருஷா வருஷம் டிசம்பர் 4-ஆம் தேதி கடற்படை தினத்தன்று மலர்வளையம் வைக்கும் வரிசையில் ஓர் ஆசனம், கௌரவமான சில கம்பெனிகளின் நிர்வாக சபைகளில் ஓர் இடம் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எடுத்துக்கொண்டதோ, முள் அதிகமாக மண்டிக்கிடந்த பிராகாரம்.

1994-இல் லாகூரிலும் டில்லியிலும் சில பெரியவர்கள் கூடி, இரு தேசத்து அரசாங்கங்களும் பேசாவிட்டாலும் ஜனங்கள் பேசவேண்டும் என்ற உத்தேசத்தோடு, சமாதானத்துக்கும் ஜனநாயகத்துக்குமான பாகிஸ்தான்-இந்திய மக்கள் மன்றத்தைத் தோற்றுவித்தார்கள். அந்தப் பக்கத்தில் முன்னாள் நிதி மந்திரி டாக்டர் முபஷிர் ஹஸன், பத்திரிகையாளர் ஐ.ஏ. ரஹ்மான் முதலானோர் இருந்தனர். இந்தப் பக்கத்தில் பல வருஷம் தலைமைப் பொறுப்பைச் சுமந்தவர் ராம்தாஸ். விசா கிடைக்குமா என்பது கடைசி நாள்வரை தெரியாத நிலையில், நூற்றுக்கணக்கான ஆசிரியர்களும் தொழிலாளிகளும் பாடகர்களும் மாணவர்களும் எல்லையைக் கடந்துபோய், டில்லியிலும் லாகூரிலும் கல்கத்தாவிலும் பெஷாவரிலும் பெங்களூரிலும் மாநாடு கூட்டினார்கள். அரசியல் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை இன்னொருவர் உண்டது, பிரிவினைக்கு முன் தாம் பிறந்த தெருவைக் கிழவர்கள் தேடிப்போய்க் கண்டது ஆகியவையே அந்த மாநாடுகளின் மெய்யான தீர்மானங்கள் என்பது என் அபிப்பிராயம். ரஹ்மானே 1930-இல் இன்றைய ஹரியானாவில் பிறந்தவர், லாகூர்வாசியானவர். இந்தியக் கடற்படையின் முன்னாள் தலைவரும் பாகிஸ்தான் பத்திரிகையாளரும் சேர்ந்து 2004-ஆம் ஆண்டுக்குரிய மக்ஸாஸே விருதை, சமாதானத்துக்கும் சர்வதேச நல்லுணர்வுக்குமான பிரிவில் பெற்றார்கள். ரஹ்மான் 2021 ஏப்ரலில் மறைந்தார். மூன்று வருஷத்தில் இவரும் பின்தொடர்ந்தார்.

உறவு என்பதை அவர் மேடையில் மட்டும் பேசியவரல்லர். அவருடைய புதல்வியரில் ஒருவரும் பெண்கள் முன்னேற்றத்துக்கான சர்வதேச நிதியமொன்றின் தலைவராக விளங்கியவருமான கவிதா மணந்தது ஒரு பாகிஸ்தானியரை. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பிள்ளையைக் கடற்படைத் தளபதி ஒருவர் மாப்பிள்ளையாக ஏற்றுக்கொள்வதற்கு எத்தனை திடமான நெஞ்சு வேண்டும் என்பதை, ஜாதி மாறிய கல்யாணத்துக்கே உறவை முறித்துக்கொள்ளும் நம் குடும்பங்களில் வாழ்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் எங்கள் கடலூரின் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று உடன்படிக்கை. அப்படிக் குண்டு விழுந்து பறிபோன ஊர்களைக் குண்டுக் கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பீரங்கியின் சக்தியே எல்லைக்கு அளவுகோலாகிப்போன ஊர் எங்களுடையது.

அதைவிட என் மனத்தைப் பிசைவது 1783-ஆம் வருஷத்துச் சம்பவம். புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைக் காத்துநிற்க, ஆங்கில சைன்யம் அதை முற்றுகையிட்டிருந்தது. ஜூன் மாதம் 20-ஆம் தேதி பிற்பகலில், எங்கள் கடலுக்கு நேர் எதிரே, சுஃப்ரேன் என்ற பிரெஞ்சுக் கடற்தளபதி பதினைந்து கப்பல்களோடும் ஹ்யூஸ் என்ற ஆங்கிலத் தளபதி பதினெட்டுக் கப்பல்களோடும் மோதினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய நூறு மாலுமிகள் மாண்டார்கள். காயமடைந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு. ஆனால் ஐரோப்பாவில் அந்த இரண்டு ராஜ்யங்களும் அதே ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதியே பூர்வாங்க சமாதானப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டிருந்தன! சரியாக ஐந்து மாதம் கழிந்திருந்தது. செய்தி மட்டும் இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஜூன் மாதக் கடைசியில், வெள்ளைக்கொடி பறக்க ஒரு கப்பல் வந்து சேதி சொன்ன பிறகுதான், இங்கே துப்பாக்கிகள் ஓய்ந்தன. சமாதானம் ஆகிவிட்டது என்று தெரியாததனாலேயே செத்துப்போன அந்த இருநூறு பேருக்கு எங்கள் கடற்கரையில் ஒரு நடுகல்கூட இல்லை.

செய்தியைக் காலத்தில் கொண்டுசேர்ப்பதையே இளமையில் தம் வித்தையாகப் பயின்ற ஒருவர், முதுமையில் எல்லையின் இரு பக்கத்து ஜனங்களுக்கும் நடுவே செய்தி சுமக்கிற வேலையை மேற்கொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம், எனக்கு அந்த வெள்ளைக்கொடிக் கப்பல் ஞாபகத்துக்கு வருகிறது.

1998 மே மாதத்தில் போக்ரானில் நாம் அணுகுண்டுச் சோதனை நடத்தினோம். அந்த மாதமே சாகாயில் பாகிஸ்தானும் நடத்தியது. இரண்டு தேசத்திலும் இனிப்பு வழங்கினார்கள். அந்த ஆரவாரத்தின் நடுவே நின்று, அணு ஆயுதம் நம்மைக் காக்காது, யாரையும் காக்காது என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்த சிலரில் ராம்தாஸ் ஒருவர். 2000-ஆம் ஆண்டில் அமைந்த அணு ஆயுத ஒழிப்புக்கான கூட்டமைப்பிலும் அவர் முன்னணியில் நின்றார். தேசாபிமானம் அற்றவர் என்ற வசையைத் தாங்கிக்கொண்டார். தேசத்துக்காகப் பீரங்கிக்கு முன்னால் நின்றவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லப் பலருக்கு நாக்கு எழுந்ததே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அவருடைய எல்லாக் கருத்துகளையும் நான் ஒப்புக்கொள்கிறேன் என்பதில்லை; எல்லையில் காவல் நிற்பவனுடைய கையை வெறுமையாக விட்டுவிட முடியாது என்று எண்ணுகிறவன் நான். ஆனால் அணுகுண்டைப் பற்றி அவர் சொன்னதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. சென்னைக்கும் கராச்சிக்கும் நடுவே காற்றை நிறுத்திவைக்க யாரிடமும் சுவர் கிடையாது.

நம் தெற்குக் கரையில் கூடங்குளத்து அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மீனவக் குடும்பங்கள் போராடியபோதும், அவருடைய குரல் அவர்கள் பக்கமே இருந்தது. பிற்காலத்தில் ஓர் அரசியல் கட்சி தனக்குள் ஊழலை விசாரிக்கும் நடுவராக அவரை அமர்த்தி, 2015-இல் அவர் இடத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டது. அது நீண்டு பேசத்தக்க விஷயமன்று.

லலிதா அம்மையாரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 1984 நவம்பரில் டில்லியில் சீக்கிய ஜனங்கள் கொன்று குவிக்கப்பட்டபோது, நிவாரண முகாம்களில் இரவு பகலாக உழைத்த தன்னார்வத் தொண்டர்களில் அவர் ஒருவர். ஓர் உயர்ந்த கடற்படை அதிகாரியின் மனைவி, பங்களாவின் தோட்டத்தை விட்டுவிட்டு, கணவனைப் பறிகொடுத்த பெண்களோடு தரையில் அமர்ந்திருந்தார். எழுத்தறிவுப் பணியிலும் சுற்றுச்சூழல் இயக்கத்திலும் பிற்பாடு உலகப் புகழ் அடைந்தவர் அவர். கணவர் உத்தியோகத்தில் இருந்தவரை வாய்திறக்க முடியாத காரியங்களை மனைவி கைகளால் செய்தார். ஓய்வு பெற்றபின் கணவரும் வந்து அந்தப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார் என்பதே மெய். திலகவதியார் அலகிட்ட முற்றத்துக்குத் தம்பி பின்னால் வந்து சேர்ந்ததுபோல என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளங்கும். 2002-இல் குஜராத்தில் கலவரம் மூண்டபோது, ராம்தாஸ் தம் மன வேதனையை மறைக்கவில்லை. சீருடை தரித்திருந்த காலத்தில் தாம் காப்பதாகச் சத்தியம் செய்த தேசம், அதில் வாழும் அத்தனை ஜனங்களும் சேர்ந்ததுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மக்கள் மன்றம் செய்த பணிகளில், கரையோரத்தில் வாழும் நமக்கு எளிதில் விளங்கக்கூடியது ஒன்று உண்டு. குஜராத்துக்கும் சிந்துவுக்கும் நடுவே கடலில் யாரும் கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. மீன் போகிற திசையில் வலை போகும். வலை போகிற திசையில் படகு போகும். அங்கே பிடிபட்ட ஏழை மீனவர்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும், இரு தேசத்துச் சிறைகளிலும் வருஷக்கணக்காகக் கிடந்தார்கள். அவர்களுடைய பெயர்ப் பட்டியலைத் தேடி எடுப்பதும், விடுதலை கோரி மனுப்போடுவதும், வாகா எல்லையில் வந்திறங்குகிறவர்களை வரவேற்று ஊருக்கு அனுப்புவதுமாக மன்றத்தார் பாடுபட்டார்கள். ராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் கரையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களைக் கண்டவர்களுக்கு, அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் என்ன கனம் இருக்கும் என்பது தெரியும்.

ராம்தாஸைப் பற்றி இவ்வளவும் நான் தெரிந்துகொள்ள நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பெரியவர். பெயர் வேண்டாம், தெருவில் நேவிக்காரர் என்றுதான் சொல்லுவார்கள். பதினைந்து வருஷம் கடற்படையில் மாலுமியாக இருந்து, பெட்டி ஆஃபீசராக வெளியே வந்தவர். பதக்கம் இல்லை, பத்திரிகையில் படம் வந்ததில்லை. கோயில் உற்சவத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள், உச்சியில் கட்டவேண்டிய முடிச்சுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். கயிற்றின் நுனியை ஒரு வளையத்துக்குள் நுழைத்து, பின்பக்கமாகச் சுற்றி, அதே வளையத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து, ஒரு மூச்சு நேரத்தில் இழுத்துவிடுவார். எத்தனை பாரம் தொங்கினாலும் அந்தக் கண்ணி நெரியாது, வேண்டாமென்றால் ஒரு விரலால் அவிழ்த்துவிடலாம். "இது உசுரைத் தூக்கற முடிச்சு சார், உசுரை நெரிக்கக் கூடாது" என்பார்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, எங்கள் ஜில்லாவில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு என்று ஊர் ஊராகக் குடிசைகள் இருந்த இடத்தில் மணல் மாத்திரம் இருந்தது. இந்தியக் கடற்படை அன்றே கப்பல்களை அனுப்பியது. நம் கரைக்கு மதத், இலங்கைக்கு ரெயின்போ, மாலத்தீவுக்கு காஸ்டர், இந்தோனேசியாவுக்கு கம்பீர் என்று அந்தப் பணிகளுக்குப் பெயர். பீரங்கிக் கப்பல்கள் குடிநீரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு போனதைப் படித்து நான் நெகிழ்ந்திருக்கிறேன். ஆனால் என் கண்ணால் பார்த்தது நேவிக்காரரை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, உப்பங்கழிச் சேற்றில் முழங்காலளவு இறங்கி, சிக்குண்ட வலைகளுக்குள்ளிருந்து சடலங்களை எடுக்கிறவர்களோடு அவர் நான்கு நாள் நின்றார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இப்போது அவருக்கு எழுபதுக்கு மேல். முன்னாள் படைவீரர்களின் விதவைகளுக்கு ஓய்வூதிய மனு எழுதித் தருவதே தினசரி வேலை. வீட்டுக்காரரின் பெயரில் ஓர் எழுத்து பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும் படைப் புத்தகத்தில் வேறுவிதமாகவும் இருப்பதனால் பணம் நின்றுபோன கிழவிகள், பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் மஞ்சள் பையோடு வருவார்கள். நவம்பர் மாதத்தில், உயிரோடு இருக்கிறார் என்பதற்கான வாழ்வுச் சான்றிதழுக்காகக் கூட்டம் இன்னும் அதிகம். அவருடைய திண்ணையில் ஒரு மரப்பெட்டி. அதில் ஒட்டுப்பசை, தபால்தலை, நீலமை, மூக்குக்கண்ணாடி, பெயர் திருத்தப் பிரமாணப் பத்திர மாதிரிகள். கூலி கிடையாது. முருங்கைக்கீரைக் கட்டு யாராவது கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை செய்தியை அவரிடம் போய்ச் சொன்னது நான்தான். கொஞ்ச நேரம் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "பெரிய ஆளு சார். ஜனங்களோட பேசத் தெரிஞ்ச ஆபீசரு" என்றார். பிறகு, கடலைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். இருவரும் தேவனாம்பட்டினத்துக்குப் போனோம். சோழகக் காற்று மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மணலில் நிமிர்ந்து நின்று, கிழக்கே பார்த்தபடி, வலது கையைப் புருவத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்.

சற்று தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் இரண்டு தலைப்பிலும் ஆள் குறைவு. பையன்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். "ஐயா, சும்மாதானே நிக்கிறீங்க, ஒரு கை போடுங்களேன்" என்று வயதான மீனவர் ஒருவர் குரல் கொடுத்தார். நேவிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்கும் சைகை காட்டிவிட்டு, கயிற்றின் கடைசியில் போய் நின்றார்.